விடியற்காலை மூன்று மணி அளவு

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில்
வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடத்தில்
மூன்று மைக்குகளை மூங்கிலில் கட்டிவிட்டு
மேட்டூர் தண்ணீருக்காகக் காத்திருந்தார்
பேராசிரியர் ஜிலியன் ஆக்ராய்ட்.
ஜூன் பன்னிரண்டில் திறந்தது. வருகிற வழியில்
எங்கே நின்றதென்று அதற்கே வெளிச்சம்.
மூன்று நாளில் வருமென்றோம். ஆறு நாளாயிற்று.

அந்த ஆறு நாளில்தான்
அவர் கதை எனக்குத் தெரிந்தது,
ஏ.இ. செண்பகவல்லி மேடம் தமிழில் சொல்லச் சொல்ல,
மேடத்துக்குச் சலிக்கும்வரை.

பத்தொன்பது வயதில் முதல் படைப்பு:
ஒரு தேவாலயம், மழை, கேட்க பதினோரு பேர்.
அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
பிறகு பரிசு, பிறகு டாக்டர் பட்டம்,
பிறகு முப்பத்தோரு வருஷம்
நாலு குரலை ஒன்றோடொன்று இடிக்காமல்
நடத்திப் போவது எப்படி என்று
பிள்ளைகளுக்கு வகுப்பு.
வகுப்பில்லாத நேரத்தில் கமிட்டி,
கமிட்டி இல்லாத நேரத்தில் இசை.
ஆக மொத்தம் அறுபத்திரண்டு படைப்பு.
நாற்பது, ஒரே ஒரு தடவை வாசித்தவை.
ஏன் என்றேன்.
முதல் தடவைக்குத்தான் பணம் ஒதுக்குவார்களாம்.
சிரித்துவிட்டேன்.
எங்கள் தூர்வாரும் பில்லைப் பற்றி ஒன்று சொன்னேன்,
அதை மொழிபெயர்க்க மாட்டேனென்றார் மேடம்.

நாலாம் நாள் மதியம்
ஷட்டர் நிழலில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தவர்
பார்த்துக்கொண்டே இருந்தார்.
அவருடைய இசைத்துறையை மூடுகிறார்களாம்.
மூடுவதற்கு நல்லதொரு பெயர் வைத்திருந்தார்களாம்,
மேடத்துக்கு அதற்குத் தமிழ் கிடைக்கவில்லை.
நான் தேங்காய் பன் வாங்கி வந்தேன்.
வேறென்ன செய்வது.
தின்று முடித்து, மைக் கம்பியில் ஏறிய
எறும்பைத் தட்டிவிட்டு
மறுபடி காதில் மாட்டிக்கொண்டார்.
வறண்ட மணலைக் கேட்டார்.

ஆறாம் நாள் ராத்திரி பதினொன்றுக்கு வந்தது.
முதலில் நுரை, ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் கேன்;
அப்புறம் தண்ணீர்.
ஒரு மணிக்கு, கோரையாற்று மைக்கை
ஆகாயத்தாமரை இழுத்துக்கொண்டு போனது.
பதிவேடு இருக்கிறதே என்றேன்.
மணிக்கு ஒரு அளவு, என் கையெழுத்தில்.
காலையில் வந்து பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டார்.

இந்த மாசியில் பார்சல் வந்தது.
வயலின் வெண்ணாறு, வியோலா பாமணி,
செல்லோ கோரையாறு.
கடைசித் தாளில் தமிழிலேயே:
அளவீடு, கோ. பக்கிரிசாமி, லஸ்கர்.
ஐந்து கோட்டில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.
கடிதத்தை மேடம் படித்தார்.
செல்லோ ஓரிடத்தில் படிப்படியாக,
தூங்குகிறவன் மூச்சுபோல ஏறுகிறதாம்.
பிறகு திடீரென்று ஒரு தாவல்.
வாசித்த மூன்று ஊரிலும் அந்த இடத்தில்
யாரும் அசையவில்லையாம்.
மூன்று ஊர்!

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.
அந்த ராத்திரி இரண்டு, மூன்று, நான்கு மணிக்கு
நான் போய்ப் பார்க்கவேயில்லை.
ஷெட்டில் சாக்கு விரித்துப் படுத்தவன்
ஐந்துக்கு எழுந்து, மனசால் ஏற்றி எழுதினேன்,
மூன்றரை அடிக்குள்.
எழுதிய மை காய்வதற்குள் போய்ப் பார்த்தால்
அளவுகோலில் நாலே முக்கால் தாண்டி நிற்கிறது.
அந்தத் தாவல்
நான் கண் விழித்தது.

கடிதத்தில் ஒரு சந்தேகமும் இருந்தது.
அச்சுக்குப் போகிறதாம், பிழை பார்க்கிறார்களாம்.
மூன்று மணி அளவில் மை கலைந்திருக்கிறது:
3.45-ஆ, 3.48-ஆ?
ஒரு சுரம் மாறுமாம்.

மேடம் பேனாவைத் திறந்து என்னைப் பார்த்தார்.
சொல்லிவிடலாமென்றுதான் வாயெடுத்தேன்.
வெளியே கோரையாற்று மணலில்
இரண்டு ஆடுகள் எதையோ முகர்ந்துகொண்டிருந்தன.

எட்டு என்றேன்.
தண்ணீர்தானே,
கொஞ்சம் கூடவே வரட்டும்.