எண்பத்திரண்டு புள்ளி நான்கு

எண்பத்திரண்டு புள்ளி நான்கு.
நேற்றும் அதே.
சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாலிருந்தே அதே.
மெஷின் பழுதோ என்று
புது கேஸ் சிலிண்டரைத் தூக்கி ஏற்றிப் பார்த்தேன்.
சிலிண்டரின் கழுத்தில் எழுதியிருந்ததை
அப்படியே சொன்னது.

காலையில் கொள்ளுக் கஞ்சி. ராத்திரி சோறு இல்லை.
பாதாம், எண்ணி ஆறு.
முனிச்சாலை முக்கில் பரோட்டாக் கல்லில்
கொத்துகிற சத்தம் கேட்டால்
ஸ்கூட்டியை முறுக்கிப் பறக்கிறேன்.
விடியுமுன் தெப்பக்குளத்தை நாலு சுற்று.
நடுவில் மைய மண்டபம்
இருந்த இடத்திலிருந்தே பார்க்கிறது,
என்னடி, நீயும் அசையலையா என்பது போல.

அண்ணா நகர் டாக்டர் ரோஸ்லின்
ரத்தப் பரிசோதனைத் தாளை மடித்து வைத்தார்.
"எத்தனை மணிக்குத் தூங்குறீங்க, பொன்னிருளாயி?"
படுக்கிறது பதினொன்று.
தூங்குகிறது யாருக்குத் தெரியும்.
"என்ன வேலை?"
போன்ல பேசுறது மேடம்.
"யார்கிட்ட?"
சொல்லவில்லை.

கார்டிசால் என்றார்.
சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி,
பயம் வந்தால் அங்கிருந்து கசியுமாம்.
புலி துரத்தினால் அது நல்லது, ஓடித் தப்பலாம்.
புலி போனதும் வற்றிவிடும்.
போகாமல் வாசலிலேயே
நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால்?
"கீழமாசி வீதியில பார்த்திருப்பீங்களே,
தட்டுப்பாடு வருதுன்னு ஒரு புரளி போதும்.
ஷட்டர் பாதி இறங்கும், மூட்டையெல்லாம் உள்ள போகும்.
உங்க வயிறு இப்ப அந்தக் குடோன்.
நீங்க பட்டினி வேற கிடந்தா
புரளி நிஜம்னு முடிவு பண்ணிரும்."
மாத்திரை இல்லை.
தூங்கவும் என்று எழுதி
கீழே இரண்டு கோடு போட்டார்.

காளவாசலில் மூன்றாம் மாடி.
காலை எட்டுக்கு ஹெட்போன் மாட்டினால்
என் பெயர் ஷாலினி.
பொன்னிருளாயி என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள் என்று
முதல் நாளே மேனேஜர் மாற்றிவிட்டார்.
எங்கள் ஊரில் இருளாயி அரிவாள் பிடித்து நிற்பவள்.
அவருக்கு அது தெரியாது.

ஷாலினி கேட்பாள்:
தவணைத் தேதி மறந்துபோச்சா,
மாமியார் நம்பருக்கு அடிக்கவா,
வேலை பார்க்கிற ஜவுளிக்கடைக்கு ஆள் வரட்டுமா.
மறுமுனையில் மூச்சு ஒரு படி தவறும்.
அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி.
அது தவறும்போதெல்லாம் என் நெஞ்சும் தவறும்.
எந்தத் தாளிலும் அது வரவில்லை.
நூற்று எண்பது பேர் கட்டினால்தான்
என் ஸ்கூட்டிக்கு நான் கட்ட முடியும்.
என் வாசல் புலியும்
ஹெட்போன் மாட்டியிருக்கிறது.

ஞாயிறு. ஷிப்ட் இல்லை. தாமதமாகப் போனேன்.
எதிர்ச்சுற்றில் ஒருத்தி,
சுங்குடிச் சேலை, கேன்வாஸ் ஷூ,
என் அளவே இருப்பாள்.
சரியாக எட்டு மணிக்கு அவள் கையில் போன் அதிர்ந்தது.
நின்றாள்.
சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டாள்.
மூச்சு ஒரு படி தவறியது.
ஹெட்போன் இல்லாமல்
அதைக் கேட்பது அன்றுதான் முதல் தடவை.
கூடவே முகமும் இருந்தது.

என் பட்டியலா, அடுத்த மேஜைப் பட்டியலா, தெரியாது.
மறுநாள் ஷாலினிக்குக் குரல் பாதிதான் வந்தது.
மேனேஜர் இரண்டு தடவை உள்ளே கூப்பிட்டார்.
வேலையை விடவில்லை.
விட்டுவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான்.
ராத்திரி போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன்.
தூக்கம் வந்ததா?
வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம்வரை
கேட்டது.

அடுத்த ஞாயிறு அவள் நடக்கவில்லை.
படியில் உட்கார்ந்து
அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
பெயர் கேட்கவில்லை,
திருப்பிக் கேட்டால் எதைச் சொல்வது.
"எடுத்துக்கங்க" என்று
ஒரு கை அள்ளி நீட்டினாள்.

எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.