எண் பதினேழு

உலான்பாத்தரில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
உடற்கூற்றுக் கூடத்தின் ஜன்னலை
நிலக்கரிப் புகை மெழுகியிருந்தது.
எனாமல் தட்டில் வைத்துத் தந்தார்கள்:
ஃபார்மலினில் ஊறி
வேகவைத்த கிழங்கின் நிறத்துக்கு வந்துவிட்ட
ஓர் ஆணின் இதயம்.
பெயர் இல்லை. அட்டையில் எண் பதினேழு.

"இடது எது, காட்டு" என்றாள் நொமுந்தாரி.
காட்டினேன்.
"அது உன் இடது. அவருடைய இடதைக் கேட்டேன்."
படுத்திருப்பவரின் பக்கத்திலிருந்து பார்க்க
ஒரு வாரம் பிடித்தது எனக்கு.

கண்ணுக்குத்தான் புதிது, கைக்கு இல்லை.
பதின்மூன்று வயதில், கோபியில்,
ஒல்லிக் கைக்காரன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.
மல்லாந்த ஆட்டின் மார்புக்குக் கீழே
சாண் நீளம்கூட இல்லாத கீறல்.
மணிக்கட்டு போயிற்று, முழங்கை போயிற்று,
உள்ளே அப்படி ஒரு சூடு.
முதுகெலும்பை ஒட்டித் துடிப்பதை
விரலைக் கொக்கியாக்கி அறுக்க வேண்டும்.
ஒரு சொட்டும் மண்ணில் விழக் கூடாது.
அண்ணன் சொன்னான்: "அதைப் பிடி."
பெருந்தமனி என்று புத்தகம் சொல்லும்வரை
எனக்கு அதன் பெயர்
"அது".

திறந்தோம்.
வலது மேலறை, கழற்றிப் போட்ட கையுறை மாதிரி
தொளதொளத்துக் கிடந்தது.
உடம்பெல்லாம் சுற்றிக் களைத்த ரத்தம்
முதலில் வந்து உட்காரும் இடம்.
கீழே மூவிதழ் வால்வு.
அதன் ஓரங்களை உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கும் நாண்கள்,
புயலில் கூடாரத்துக் கம்பளி புரண்டுவிடாமல்
நாங்கள் கட்டும் குதிரைமயிர்க் கயிறுகளேதான்.
ஒன்றை நகத்தால் சுண்டினேன்.
நொமுந்தாரி முறைத்தாள்.

வலது கீழறையின் சுவர் மெல்லியது.
அதற்கென்ன, நுரையீரல் அடுத்த வீடு.
இடது கீழறைக்குத்தான் தூர ஓட்டம்:
உச்சந்தலைக்கும் தள்ள வேண்டும்
உறைந்த கால்விரலுக்கும் தள்ள வேண்டும்.
அதனால் மூன்று மடங்கு தடித்துப் போயிருக்கிறது
சுமைகூலியின் தோள்போல.

எனக்குப் பிடித்தது வேறு.
பெருந்தமனி புறப்பட்டதுமே
இரண்டு சிறு கிளைகள் பிரிந்து
இதயத்துக்கே திரும்பி வருகின்றன.
ஊருக்கு இறைக்கிறவன் முதல் குவளையைத்
தான் குடித்துக்கொள்கிறான்.
அதுவும் உழைக்கும்போது இறங்காது;
ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் நடுவே
தளர்கிற அந்த இமைப்பொழுதில்தான்
இடது சுவர் பசியாறுகிறது.

மேலறைகளுக்கு நடுச்சுவரில் ஒரு நீள்வட்டக் குழி.
தாயின் வயிற்றில் அது கதவு.
முதல் மூச்சில் சாத்திக்கொள்ளும்,
பிறகு ஒட்டிக்கொள்ளும்.
"தழும்புதான், எழுதிக்கோ" என்றாள்.
சலாகையின் நுனியை வைத்தேன்.
உள்ளே போய்விட்டது.
மறுபக்கம்,
இடது மேலறையில்,
வெள்ளிப் புள்ளியாய் எட்டிப் பார்த்தது.

இருவரும் பேசவில்லை.
நால்வரில் ஒருவருக்கு இப்படி இருக்குமாம்,
புத்தகம் அலட்டிக்கொள்ளவில்லை.
ஆனால் இந்த ஆள்
அறுபது வருடமோ என்னவோ,
தாழ்ப்பாள் போடாத ஒரு கதவோடு
லாரி ஓட்டினாரோ, ஆடு மேய்த்தாரோ,
கல்யாணத்தில் சத்தமாகப் பாடினாரோ.
அவருக்கே தெரியாததை
முன்பின் அறியாத இரண்டு பேர்
ஒரு கம்பியால் தெரிந்துகொண்டோம்.

நொமுந்தாரி கையுறையைக் கழற்றிவிட்டு
தன் மார்பில் கை வைத்துப் பார்த்தாள்.
"வெளியிலிருந்து தெரியாது" என்றேன்.
"தெரியும்" என்றாள், கையை எடுக்காமல்.

பேருந்து நிறுத்தத்தில் அண்ணனின் அழைப்பு.
வெள்ளை மாதம் வருகிறது,
ஒரு கிடாய் பார்த்து வைத்திருக்கிறான்.
"உன் கைதான் சரி. வருவாய் அல்லவா?"
மூச்சு பனியாகிக் காலரில் ஒட்டியது.
வருகிறேன் என்றேன்.
இந்த முறை
காலைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.