பதினேழாம் சட்டம்

பகலில் திருப்பூர் வீரபாண்டிப் பக்கம்
ஒரு சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பது என் சோலி.
விளக்குப் பெட்டிக்குள் இரண்டு துணித்துண்டை ஒட்டி வைத்து
பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், குண்டு பல்பு என்று
சுவிட்சை மாற்றி மாற்றி
ஒன்றா, வேறா, சொல்ல வேண்டும்.
பதினோரு வருடத்தில்
நான் பாஸ் போட்ட நீலம் திரும்பி வந்தது
இரண்டே முறை.

இரவில் இதே கண்ணுக்கு வேறு கூலி.
தூத்துக்குடியிலிருந்து ஜெனிஸ்டன் படங்கள் அனுப்புவான்.
கடலடியில் ஒரு மீட்டர் சதுரத்துக்குக் குழாய்ச் சட்டம்,
மூலையில் நிற அட்டை,
நடுவில் பவளம்.
கணினி அதன்மேல் ஐம்பது புள்ளி தூவும்,
ஒழுங்கில்லாமல், மூக்குத்தி சிதறியதுபோல.
ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே கிடப்பது என்ன?
உயிர், செத்தது, பாசி, மணல், உடைசல்.
படத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.

"ஏனுங் நாயகியக்கா, இது எந்தப் பார்ட்டி பிரிண்ட்டுங்க?"
மதியச் சோற்று நேரத்தில்
மூளைப் பவளத்தை எட்டிப் பார்த்துக் கேட்டான் கிரிவாசன்.
கடல் பார்ட்டிடா என்றேன்.
பேமெண்ட் ஒழுங்கா வருமுங்களா என்றான்.

பதினேழாம் சட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.
மாசியில் அது கருப்பட்டி,
ஓரத்தில் கொஞ்சம் பச்சை ஓடிய கருப்பட்டி.
பங்குனியில் சுக்குக் காப்பி.
சித்திரையில் பால் கூடிப்போன டீ.
வைகாசிப் படத்தைத் திறந்தபோது
பெராக்சைடு தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த
பனியன் துணி.

வெளுப்பு எங்கள் ஊரில் முதல் வேலை.
வெளுத்தால்தான் சாயம் ஏறும்.
வெளுத்த துணிக்கு முன்னால் நின்று
யாரும் துக்கம் விசாரிப்பதில்லை.

நான் நம்பவில்லை.
நிற அட்டையில் சிவப்பு செத்துக் கிடக்கிறது,
கேமராவைச் சரியாக வைக்கவில்லை நீ,
நாற்பது படமும் ரிஜெக்ட் என்று எழுதினேன்,
வெளிநாட்டு பையர் எங்களுக்கு எழுதுகிற அதே தொனியில்.
அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.
மறுபடி படகு, மறுபடி டீசல், மறுபடி முங்கல்.
புதுப் படங்களில்
சிவப்பு சிவப்பாக இருந்தது, கறுப்பு கறுப்பாக.
பவளம்
முன்னைவிட வெள்ளை.

போனில் சொன்னான்:
"அதுக்குள்ள குடியிருக்க பாசிதான்க்கா நெறம், சோறு, எல்லாம்.
தண்ணி சுட்டுச்சுன்னா வெளியேத்திரும்.
உசுரு இன்னும் இருக்கு. பட்டினி கெடக்கும்.
சீக்கிரம் குளுந்துச்சுன்னா தப்பிக்கும்."

எங்கள் லைன் வீட்டில் எட்டு அறை.
ஆர்டர் நின்ற வருடம் ஆறு காலி.
கதவுகளில் வாடகைக்கு என்று அட்டை தொங்கியது.
குழாயடியில் சண்டை போடக்கூட ஆளில்லை.
சுவருக்குப் பசிக்குமா என்று
அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் வரைபடத்தை எடுத்து விரல் வைத்துப் போனேன்.
நொய்யல் காவிரியில், காவிரி கடலில்.
ஆனால் அது வேறு கடல்,
அவன் முங்குகிற இடத்துக்கு மிகவும் வடக்கே.
அப்பாடா என்றிருந்தது.
பட்டறைப் பாய்லர் புகை எந்த ஆற்றின் வழியே போகிறது என்று
வரைபடத்தில் போடவில்லை.

ஆடி பிறந்து, காற்று திரும்பி,
நேற்று வந்தது பதினேழாம் சட்டம்.
இருபத்தொன்பது புள்ளி: வெள்ளை, உயிர்.
பன்னிரண்டில் பச்சைப் பஞ்சு முளைத்துவிட்டது,
செத்தது என்று அழுத்தினேன், பன்னிரண்டு முறை.
மணல் ஆறு.
இரண்டு புள்ளியில், அடிப்பக்கம்,
பால் டீயா, வெறும் பாலா?
அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
எந்த வாடிக்கையாளருக்கும் இவ்வளவு பார்த்ததில்லை.
டீ என்று போட்டேன்.
பட்டியலில் டீ கிடையாது, வெளிர்பழுப்பு என்றுதான் உண்டு.

ஐம்பதாவது
ஜெனிஸ்டனுடைய கையின் நிழலில் விழுந்திருந்தது.
என்ன கிடக்கிறதென்று தெரியவில்லை.
பெரிதாக்கினேன். இன்னும் இருட்டு.
அதற்கும் பட்டியலில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்:
நிழல்.
அழுத்தினேன்.

காலை எட்டு மணிக்கு ஷிப்ட்.
கடற்பச்சை, நாலாயிரம் கிலோ,
இரண்டாம் முறை தேறாமல் நிற்கிறது.