பன்னிரண்டாவது தெப்பம்

ஜூலை இருபத்தெட்டு, மதியம் இரண்டு மணி.
கிளாக்ஸ்விக் துறைமுகத்துப் பட்டறை.
பன்னிரண்டு உயிர்காப்புத் தெப்பங்களில்
பதினொன்றைப் பிரித்தேன், காற்றேற்றினேன்,
தையல் தையலாகக் காது வைத்துக் கேட்டேன்,
வாயுக் குப்பியை எடை போட்டேன்,
காலாவதியான வெளிச்சக் குழல்களை மாற்றினேன்,
மடித்தேன்.

பன்னிரண்டாவதன் வெள்ளைக் கூட்டைத் திறக்கவில்லை.
தோர்ஸ்ஹவுனில் நாலு மணிக்கு
மகளுக்குத் துடுப்புப் போட்டி.
முத்திரைத் தாளை ஒட்டினேன்,
கையெழுத்துப் போட்டேன்.
வழக்கத்தைவிட அழகாகவே விழுந்தது.

மகள் மூன்றாவதாக வந்தாள்.
தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

அந்தத் தெப்பம் ஏறிய படகின் பெயர் வடவிளக்கு.
ஆட்கள் எட்டுப் பேர்.
அதுவரை வானிலை அறிக்கையை
துணி காயப்போடத்தான் கேட்பேன்.
இப்போது இரவு ஒரு மணிக்கு
விளக்குப் போடாமல்
சமையலறையில் நின்று கேட்டேன்.
படகு திரும்பும்போதெல்லாம்
கரையில் நின்று தலைகளை எண்ணினேன்.
எட்டு.
மறுமுறையும் எட்டு.
ஒருமுறை ஏழு.
எட்டாமவன் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

ஜெபமும் செய்தேன்.
ஆண்டவரே, அந்தப் படகைக் காத்தருளும்.
நல்ல ஜெபம்தான்.
என் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு
அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன்.

சாட்சி என்றால்
சபையில் எழுந்து நின்று பேசுவது என்றிருந்தேன்.
எனக்குள் இருந்த சாட்சி எழுந்து நிற்கவில்லை,
குரலை உயர்த்தவுமில்லை.
நுண்துளைக் கசிவு போல,
காது வைத்தால் மட்டும் கேட்கிற மாதிரி,
பன்னிரண்டு என்றது.
பிறகும் பன்னிரண்டு.

ஞாயிறுதோறும் எங்கள் கூட்டத்தில்
ஒரே அப்பம் கைமாறி வரும்.
ஐந்து ஞாயிறு நான் பிட்கவில்லை.
தட்டை அப்படியே மார்யுன் கையில் கொடுத்தேன்.
அவள் ஏன் என்று கேட்கவில்லை.
ஆறாம் ஞாயிறு
தட்டை நீட்டினேன்;
அவள் வாங்கவில்லை.
கைகளை மடியில் கோத்து
நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.
அப்பம் என் கையிலேயே கனத்தது.

இருக்கையில் தட்டை வைத்துவிட்டு
எழுந்து வெளியே நடந்தேன்.

வடவிளக்கின் தலைவன் ஹால்கிரீம்
கோயில் வாசல் மிதிக்காதவன்.
காற்றில் உலர்த்திய ஆட்டுக்கறியைச்
சீவித் தின்றுகொண்டிருந்தான்.
சொன்னேன்.
போட்டியைப் பற்றியும் சொல்லப் போய்
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
கத்தியைத் துடைத்தான். வா என்றான்.

கூட்டைக் கரையில் இறக்கி
கயிற்று முனையை என் கையில் திணித்தான்.
இழு.

இழுத்தேன்.
பெருமூச்சு விட்டபடி
ஆரஞ்சுக் கூடாரம் ஒன்று
மழையில் எழுந்து நின்றது.
ஓட்டையில்லை, ஒடிசல் இல்லை.
பிள்ளைகள் ஓடிவந்து உள்ளே புகுந்தார்கள்.
இதற்கா இத்தனை என்று
படகின் ஆட்கள் சிரித்தார்கள்.

கிழிந்திருந்தால்
எனக்கு எளிதாக இருந்திருக்கும்.
காட்டுவதற்கு ஒரு கிழிசலாவது மிஞ்சியிருக்கும்.
தெப்பம் நல்ல தெப்பம்.
பொய் பொய்தான்.

ஹால்கிரீம் மட்டும் சிரிக்கவில்லை.
எட்டுப் பேர் என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு
உள்ளே தவழ்ந்து போனேன்.
தையல் தையலாக,
இருட்டும்வரை,
காது வைத்துக் கேட்டேன்.
மறுநாள் கடல்துறைக்கு எழுதினேன்.
மூன்று மாதம் உரிமம் போயிற்று.
இனி என் படகுத் தெப்பத்தை நீ பார்க்கும்போது
நான் பக்கத்தில் நிற்பேன் என்று
ஹால்கிரீம் சொல்லியனுப்பினான்.
நிற்கட்டும்.

அந்த வாரம் பெருங்காற்று.
கூரைத் தகடுகள் இரவெல்லாம் அடித்துக்கொண்டன
என்று காலையில் மார்யுன்தான் சொன்னாள்.
நான் தூங்கிப்போயிருந்தேன்.

ஞாயிறன்று அப்பம் வந்தது.
பிட்டேன்.
முறைக்குச் சற்றுப் பெரிய துண்டாகவே
வந்துவிட்டது கையோடு.
பசித்திருந்தேன்.