அறை எண் பதினாலு

காந்தி ரோட்டு லாட்ஜில் மெத்தையை நிமிர்த்திச் சாத்துகிறேன்.
கையில் டார்ச்சும் காலாவதியான ஏடிஎம் கார்டும்.
தையல் மடிப்பில் கார்டை இழுத்தால்
மிளகுப்பொடி சிந்தியதுபோல் புள்ளிகள்.
ஈரத்துணி பட்டதும் துருவாய்ப் பரவுகின்றன.

கரையானென்றால் சுவரில் மண்கோடு போட்டிருக்கும்.
கரப்பானென்றால் அலமாரி மூலையில் டீத்தூள் மாதிரி.
இது மூட்டை.
உரித்துப்போட்ட சட்டைகூட இருக்கிறது,
ஊதினால் பறக்கும்.

“பெங்காலி கொண்டாந்தது” என்கிறார் நிஸார் பாய்.
போன தடவை ஒடிசாக்காரர்.
கட்டிலின் திருகுத் துளைக்குள் முட்டைமேல் முட்டை:
பாய், இதெல்லாம் உள்ளூர்க் குடி,
ரேஷன் கார்டுதான் பாக்கி.

அஸ்ஸாமிலிருந்து வந்த பருவா வாசலில் நிற்கிறார்.
முழங்கை மடிப்பில் பஞ்சு,
மணிக்கட்டில் வரிசையாய் மூன்று தடிப்பு.
ஒன்றைப் பிடித்து நசுக்கிக் காட்டுகிறேன்.
விரலெல்லாம் சிவப்பு.
பஞ்சைத் தொட்டு, என் விரலைப் பார்த்து
“ரிப்போர்ட்?” என்று கேட்டுச் சிரிக்கிறார்.

எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிப்பு வருகிறது.

மருந்தடித்துப் பூட்டினால் அறை நாளைப் பகல்தான்.
அதுவரை இவர் எங்கே படுப்பாரென்று
பாயிடம் கேட்க வேண்டும்.
பதினொரு மணிக்கே
மாடிப்படி ஏறிவிட்டது வேலூர் வெயில்.