காரணம்: குளிர்

பூம்பாறை. மார்கழி ஒன்பது. காலை ஆறு மணி.
உருளைக்கிழங்குச் செடியெல்லாம்
வெந்நீர் ஊற்றினதுபோல் கருகிக் கிடக்கிறது.
உறைபனியை மிதித்து வந்து பார்க்கிறேன்:
வளைந்த கண்ணாடிக் குழாயில்
இந்தப் பக்கத் தண்ணீரும் அந்தப் பக்கத் தண்ணீரும்
ஒரே மட்டத்தில்,
சண்டை தீர்ந்த பங்காளிகள் மாதிரி.
நோட்டில் எழுதினேன்: வாயு இல்லை.

நான்கு மாதமாய் இந்தக் கலனுக்குச்
சோறு போடுகிறவள் நான்.
காரட் தழை. முட்டைக்கோசின் வெளியிலை.
காய்த்து ஓய்ந்த பீன்ஸ் கொடி.
அப்புறம் வைக்கோல்.
அது மலைக்குக் கீழே விளைந்தது,
பேரிக்காய்ப் பெட்டிக்கு மெத்தையாக
லாரியில் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்து
மிச்சப்பட்டது.
முதல் வாரம் அப்படியே அள்ளிப் போட்டேன்.
கூரை வேய்ந்த மாதிரி மேலே மிதந்தது,
கம்பு விட்டுக் குத்தியும் இறங்கவில்லை.
விரற்கடை நீளம் நறுக்கி
சாணித் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்த பிறகுதான்
வழிக்கு வந்தது.
நெல்லை இறக்கிவிட்டும்
முறுக்குக் குறையாத தாள்.

அங்கன்வாடியில் இருபத்திரண்டு பிள்ளைகள்.
சகாயராணி அக்கா
ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து
குழாயை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்க்கிறாள்.

கொடைக்கானலிலிருந்து பொறியாளர் போனில் சொன்னார்:
குளிர்தான். உள்ளே இருக்கிற உயிரெல்லாம் தூங்குது. போர்த்துங்க.
போர்த்தினேன்.
வைக்கோல் கட்டு, அதன்மேல் தார்ப்பாய்,
இரண்டு வேளை வெந்நீர்.
நான்காம் நாளும் பங்காளிகள் சமாதானமாகவே இருந்தார்கள்.

கழிவு வரும் வாயில் குனிந்தேன்.
லிட்மஸ் தாள் சிவந்தது.
புளிப்பு நாற்றம்.
அந்தப் புளிப்புக்கு அடியில் இன்னொன்று,
எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வேலப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன்:
பூண்டுத்தாள் எதுவும் கொண்டுவந்து போட்டியா?
கோயில் பக்கம் கை நீட்டிச் சத்தியம் செய்தான்.
நான் நம்பவில்லை.
அன்றைக்கு வந்த மூட்டைகளை என் காலடியில் கொட்டிக் காட்டி
துண்டை உதறிக்கொண்டு போனான்.

அன்று இரவு
கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு
பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது
நகக்கண் எரிந்தது.
அப்போதுதான்.
கார்த்திகைக் கடைசியில், மழை நாளில்,
குப்பைமேடு வரை சுமக்கச் சோம்பி,
தோலும் இலைக்குச் சொந்தம்தானே என்று,
நான்கு சாக்கு: தோல், தண்டு, சொத்தைப் பல்.
நானே.

புண்ணில் புழு அண்டாமல்
அரைத்து வைத்துக் கட்டுகிற மருந்து.
என் கலனுக்குள் கோடிப் புழுவுக்கும் சிறிய வாய்கள்
அதைத் தின்னச் சொன்னேன்.

லங்கணம் பரம ஔஷதம் என்பார்கள்.
பத்து நாள் ஒரு தழை போடவில்லை.
கொஞ்சம் சுண்ணாம்பு.
மாலையில் இரண்டு குடம் புதுச் சாணம், சூடு ஆறாமல்.
கொண்டுவந்து வைத்தது வேலப்பன்தான்,
என்னோடு பேசாமல்.

பதினோராம் நாள்
இடதுபக்கத் தண்ணீர் ஒரு நெல் உயரம் தாழ்ந்தது.
பதினைந்தாம் நாள்
அடுப்பு இரண்டு தடவை இருமி, மஞ்சளாய்ப் பிடித்து,
மெதுவாக நீலத்துக்கு வந்தது.
குளிர் விட்டுப்போச்சு போல, என்றாள் சகாயராணி அக்கா,
கொதிக்கும் பருப்பில் கரண்டியை விட்டபடி.
ஆமாம் என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே புல்லெல்லாம் வெள்ளை.

நோட்டில் கோளாறுக்கு ஒரு பக்கம் உண்டு.
அதில் காரணம் என்று ஒரு கட்டம்.
குளிர், என்று எழுதினேன்.
பொறியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வேலப்பன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
இப்போதெல்லாம் வருகிற ஒவ்வொரு சாக்கையும்
அவிழ்த்து மோந்து பார்த்துத்தான் போடுகிறேன்.
அவன் என் சாக்கை மட்டும்
மோந்து பார்க்கிறான்.