மூன்று லோடு வீடு

பெரியவர்களுக்கு நூற்றைம்பது.
நான் ஏற்றிவந்த வீட்டைப் பார்க்க
நானே காசு கட்டுவதை
வரிசையில் நின்ற எல்லோருக்கும் சொல்லிவிட்டாள் மாதேவி.
கவுண்டரில் இருந்தவன் சிரித்தான், குறைக்கவில்லை.
லாரி நிறுத்த ரேட் எழுதியிருக்கவில்லை;
பஸ்ஸுக்கானதை வாங்கிக்கொண்டார்கள்.

காவேரிப்பட்டணம் தாண்டி மாந்தோப்பை வெட்டி
ஒரு தெரு போட்டிருக்கிறார்கள்.
பதினொரு கட்டடம்.
பர்கூர்ப் பக்கத்துப் பள்ளி அறை,
போச்சம்பள்ளிச் சந்தைச் சுங்கக் கொட்டகை,
தளியிலிருந்து தபாலாபீஸ், பெட்டியோடு.
பெட்டிக்குள் யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் போட்டிருந்தார்கள்.

ஆறாவது என்னுடையது.
என்னுடையது என்றால்,
உத்தனப்பள்ளியில் ரோட்டை அகலமாக்கியபோது
நம்பர் போட்டுப் பிரித்த வெங்கடப்ப ரெட்டி வீடு.
கி-14, தெ-3 என்று வெள்ளைப் பெயிண்டில்
கல்லுக்குக் கல் விலாசம்.
எடைமேடையில் முதல் லோடு பதினொன்றேகால் டன்.
சரக்கு என்ற இடத்தில் ‘வீடு’ என்று எழுதினேன்.
பில் போடும் பையன் அதை அடித்துவிட்டு
‘பழைய கல், மரம்’ என்றான்.

இரண்டாவது லோடு இராயக்கோட்டை கேட் தாண்டி
அச்சு முறிந்து மழையில் நின்றது, இரண்டு ராத்திரி.
தார்ப்பாய்க்கு அடியில்
மூன்று கதவுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டு
நானும் கிளீனர் வரதனும் படுத்தோம்.
தாழ்ப்பாள் விலாவில் குத்தியது.
உத்தரத்திலிருந்து கடுகு தாளித்த வாசம் வருகிறது என்றான்.
எனக்கு டீசல்தான் வந்தது.
ஆனாலும் விடியுமுன் யாரோ தட்டியபோது
தூக்கத்தில் சொல்லியிருக்கிறேன்,
‘தெறந்துதான் இருக்கு, உள்ள வாங்க.’
போலீஸ்காரர். வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

இப்போது கதவுகள் எண்ணெய் பூசி நிற்கின்றன,
குறுக்கே ஒரு கயிறு.
‘தொடாதீங்க சார்’ என்றாள் நீலப்புடவைப் பெண்.
அடுப்படிக் கரியைச் சுரண்டிவிட்டிருந்தார்கள்.
நடுக்கதவைத் திருப்பி மாட்டியிருந்தார்கள்.
உள்ளே திறந்தது வெளியே திறக்கிறது.
நான் சொல்லவில்லை.

பிரணிதாவுக்கு அவசரம் வந்தது.
பதினொரு கட்டடத்தில் கழிப்பறை இரண்டு,
இரண்டும் காட்சிக்கு மட்டும்.
கார் நிற்கிற இடத்துக்குப் போகச் சொன்னார்கள்.

ரெட்டி வீட்டுச் சுவரை ஒட்டிச் செட்டியார் கடை,
கடைக்கு அந்தண்டை அக்ரகாரத்து வீடு.
‘இப்படி ஒரு தெரு எந்த ஊர்ல இருந்துச்சு?’
‘எங்கயும் இல்ல.’
‘இதுல நம்ம தெரு வீடு எது?’
தேடுவதுபோலக் கொஞ்சம் பார்த்தேன்.
அதே ரோட்டுக்குத்தான் அதுவும் போனது,
எதிர்ப்பக்கம், பதினாறு வீடு,
ஒரு காலை, ஒரு ஜேசிபி.
மண்சுவரில் எந்த இடத்தில் நம்பர் போடுவது.
‘லோடு வரல’ என்றேன்.

சாயங்காலம் அதே ரோட்டில் திரும்பினோம்.
உத்தனப்பள்ளி வளைவில்
நான் மூன்றாவது கியர் போடுகிற இடம் ரெட்டியின் கூடம்.
இன்னும் இருநூறு அடி போனால் நான்காவது.
காலி வண்டி கடகடவென்று ஆடியது.
ஏதோ பேசிக்கொண்டே வந்த மாதேவி நிறுத்தினாள்.
செருப்பைக் கழற்றி,
இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்
அந்த இடம் தாண்டும்வரை.